நில்லாது நிற்கும் செய்மதி

கொழும்பு மாநகரில் வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புக்களிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் எத்தனையோ வீடுகளின் மேல் ஒரு தட்டம் காணப்படும். தொலைக்காட்சியின் பொருட்டுச் சுவரிலோ மொட்டைமாடியிலோ ஆணிகொண்டு இறுக்கப்பட்ட அத்தட்டம், பொருத்திய நாள் முதலாக ஒரே திசையை நோக்கியபடி இருக்கிறது. ஞாயிறு கிழக்கே எழுந்து வெள்ளவத்தைக் கடலில் மறைகின்றது. திங்களும் விண்மீன்களும் அவ்வாறே நகர்கின்றன. தட்டம் நோக்கும் செய்மதியோ இரவும் பகலும் இடம் பெயராது ஒரே புள்ளியில் நிற்பதுபோலத் தோன்றுகின்றது. தூணுமில்லை, கயிறுமில்லை. பின் எவ்வாறு நிற்கின்றது?

அங்கே புவியீர்ப்பு இல்லை, ஆகையால் விழவில்லை என்பது பலரும் சட்டென்று கூறும் விடை. அவ்விடை பிழையானது. அங்கும் புவியீர்ப்பு உண்டு. அது மட்டுமன்று, அச்செய்மதி ஒவ்வொரு கணமும் பூமியை நோக்கி விழுந்துகொண்டே இருக்கின்றது. விழுந்துகொண்டே இருப்பதனாலேயே அது தன் பாதையை விட்டு அகலாது நிலைத்திருக்கின்றது. முரண்போலத் தோன்றும் இவ்வுண்மையை மனிதர் கண்டறிவதற்கு ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் சென்றன. அவ்வரலாற்றின் கடைசி அதிகாரங்களுள் ஒன்றில் நமது கொழும்பு நகரும் இடம்பெறுகின்றது.

பண்டைக் கிரேக்க நாட்டு அரிஸ்தோத்தில், வானத்துப் பொருள்களுக்கு வட்டமாகச் சுற்றுதல் இயல்பான குணம் என்று கருதினார். கல் கீழே விழுவதும் தீ மேலே எழுவதும் எப்படி இயல்போ, அப்படியே திங்கள் சுற்றுவதும் இயல்பு. இயல்பானதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை என்பது அவர் கொள்கை. இக்கொள்கை பல நூற்றாண்டுகள் அறிஞர் உள்ளத்தை ஆண்டது. காரணம் கேட்க வேண்டிய இடத்தில் கேளாது விட்டமையே அதன் பெருங்குறை.

தினைப்புனங் காத்த நம் முன்னோர் கையிலிருந்த கவணை எண்ணிப் பார்ப்போம். கல்லைக் கவணில் இட்டுச் சுழற்றுபவர், கை இடைவிடாது கயிற்றைத் தம்பால் இழுத்துக்கொண்டிருப்பதை உணர்வர். இழுப்பு நின்றவுடன் கல் பறக்கின்றது. எத்திசையில்? மையத்திலிருந்து நேரே வெளிநோக்கி ஓடுவதாகப் பலர் நினைப்பர். உண்மையில் அது வட்டத்தைத் தொட்டுச் செல்லும் கோட்டின் வழியே, விட்ட கணத்தில் எத்திசை நோக்கிச் சென்றதோ அத்திசையில் நேராகச் செல்கின்றது. ஆகவே பொருள்களுக்கு இயல்பானது நேர்க்கோட்டு இயக்கமே. வட்டத்தில் செல்லும் பொருளை ஏதோ ஒன்று கணந்தோறும் மையத்தை நோக்கி வளைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வாறு வளைப்பதே மையநாட்ட விசை.

கொழும்பில் 1899 முதல் 1960 வரை ஓடிய ட்ராம் வண்டிகளில் கிராண்ட்பாஸ் பக்கமாகச் சென்றோர், வளைவுகளில் உடல் வெளிப்புறம் சாய்வதை அனுபவித்திருப்பர். இன்று காலி வீதியில் பஸ் வண்டியில் செல்வோரும் அதனை அறிவர். யாரோ வெளியே தள்ளுவதாகத் தோன்றினும், தள்ளுவார் எவருமிலர். உடல் நேரே செல்ல முயல்கின்றது. வண்டியோ உள்நோக்கித் திரும்புகின்றது. இருக்கையும் கைப்பிடியும் உடலை உள்நோக்கி இழுத்துச் செல்கின்றன. பரீட்சை வினாக்களிலே, தரையில் நின்று நோக்குபவருக்கு மையநாட்ட விசையோடு மையநீக்க விசை ஒன்றையும் கூட்டி எழுதி இரண்டும் சமன் என்று முடிக்கும் மாணவர் இங்கேதான் தடுமாறுகின்றனர். விசைகள் சமனானால் பொருள் நேராகவே செல்லும். வட்டம் என்பதே இராது. மையநீக்க விசை என்பது சுழலும் வண்டிக்குள் அமர்ந்து அதனையே நிலையானதாகக் கொண்டு கணக்கிடுபவர்க்கு மட்டும் வேண்டப்படும் ஓர் ஏற்பாடு.

வளைவதற்கு எவ்வளவு ஆர்முடுகல் வேண்டும் என்பதை முதலில் கணித்தவர் ஒல்லாந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ். 1659 இல் அவர் கண்ட முடிவுகள், ஊசற் கடிகாரம் பற்றி 1673 இல் வெளியிட்ட நூலின் இறுதியில் நிரூபணமின்றி இடம்பெற்றன. கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் வருவது அந்த ஆர்முடுகல். 20 மீற்றர் ஆரையுள்ள வளைவில் செக்கனுக்கு 5 மீற்றர் கதியிற் செல்லும் வண்டிக்கு, ஒரு செக்கன் வர்க்கத்துக்கு 1.25 மீற்றர் ஆர்முடுகல் வேண்டும். கதி 10 மீற்றராக இரட்டித்தால் ஆர்முடுகல் இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 5 மீற்றராகும். அஃது ஈர்ப்பு ஆர்முடுகலின் பாதியளவு. வளைவில் விரைவோர் எண்ணியதைவிடப் பேராபத்தை விலைக்கு வாங்குவதன் காரணம் இந்த வர்க்கக் கணக்கே.

ஹைகன்ஸ் வெளிநோக்கிய முயற்சியையே சிந்தித்தார். திங்களின் இயக்கம், தொடுகோட்டின் வழியான நேரியக்கமும் மையத்தை நோக்கிய கவர்ச்சியும் சேர்ந்து உண்டாவது என்னும் கருத்தை 1679 இல் ஹூக் என்பார் நியூட்டனுக்குக் கடிதமூலம் எழுதினார். நியூட்டன் அதனைக் கணிதமாக்கினார். 1687 இல் வெளியான தமது பெருநூலில், ஹைகன்ஸ் படைத்த மையநீக்கம் என்ற சொல்லுக்கு எதிராக மையநாட்டம் என்ற சொல்லை அவரே ஆக்கினார்.

அவர் செய்த சோதனை எளிதும் வியப்பும் ஆனது. திங்கள், பூமியின் ஆரையைப் போல் 60 மடங்கு தொலைவில் உள்ளது. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையுமாயின், அங்கே அது 3,600 இல் ஒரு பங்காதல் வேண்டும். 9.8 ஐ 3,600 ஆல் வகுத்தால் 0.0027 வரும். இனித் திங்களின் பாதையை நோக்குவோம். 3,84,400 கிலோமீற்றர் ஆரையுடைய வட்டத்தை 27.3 நாளில் சுற்றும் திங்களின் கதி செக்கனுக்கு ஏறக்குறைய 1.02 கிலோமீற்றர். அதன் வர்க்கத்தை ஆரையால் வகுத்தாலும் 0.0027 மீற்றரே வருகின்றது. தோட்டத்தில் மாங்காயை வீழ்த்தும் விசையும் திங்களை வளைக்கும் விசையும் ஒன்றே என்பது இவ்விரு எண்களின் ஒற்றுமையால் விளங்கிற்று. வானுக்கு ஒரு நீதி, மண்ணுக்கு ஒரு நீதி என்ற பழைய பிரிவினை அன்றோடு ஒழிந்தது.

நியூட்டன் இன்னுமோர் எண்ணத்தையும் விட்டுச் சென்றார். மிக உயர்ந்த மலையுச்சியிலிருந்து பீரங்கிக் குண்டு ஒன்றைக் கிடையாகச் சுடுவதாகக் கொள்வோம். வேகம் கூடக்கூடக் குண்டு தொலைவிற் சென்று விழும். போதிய வேகம் இருந்தால், அது விழும் அளவுக்குப் பூமியின் முகமும் வளைந்து விலகிச் செல்லும். குண்டு தரையைத் தொடாது சுற்றி வரும். நிலமட்டத்தை ஒட்டி, காற்றுத் தடையைக் கருதாது விட்டால், அக்கதி செக்கனுக்கு ஏறக்குறைய 7.9 கிலோமீற்றர். ஒரு செக்கனில் குண்டு 4.9 மீற்றர் விழும். அதே செக்கனில் பூமியின் முகமும் 4.9 மீற்றர் தாழ்ந்திருக்கும். விழுதலும் சுற்றுதலும் ஒன்றே என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் இல்லை.

மேலே செல்லச் செல்ல ஈர்ப்பு தளர்கின்றது, சுற்றுதற்கு வேண்டிய கதியும் குறைகின்றது, பாதையோ நீள்கின்றது. ஆகவே சுற்றுக்காலம் கூடுகின்றது. நிலத்தை ஒட்டிச் சுற்றினால் ஒன்றரை மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். திங்களின் தொலைவில் 27 நாட்களுக்கு மேல். இவ்விரண்டிற்கும் இடையே, பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் காலத்துக்குச் சரியாக ஒத்த ஓரிடம் இருந்தே ஆக வேண்டும் அன்றோ?

பூமி சுழல்கின்றது என்று 499 ஆம் ஆண்டளவில் ஆரியபடர் எழுதினார். அவர் தந்த எண்களிலிருந்து, விண்மீன்களை நோக்கப் பூமி ஒருமுறை சுழலும் காலம் 23 மணி 56 நிமிடம் 4 செக்கன் எனப் பெறப்படும். இன்றைய அளவீடும் அதுவே. அக்காலத்துக்குப் பொருந்தும் பாதையின் ஆரை, பூமியின் மையத்திலிருந்து 42,164 கிலோமீற்றர். நிலமட்டத்திலிருந்து உயரம் 35,786 கிலோமீற்றர். அங்கே கதி செக்கனுக்கு 3.07 கிலோமீற்றர். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் ஆர்முடுகல் 0.224 மீற்றர். பூமியின் மையத்திலிருந்து 6.61 மடங்கு தொலைவில் ஈர்ப்பு எவ்வளவாகும் என்று கணித்தாலும் அதே 0.224 வருகின்றது. ஒவ்வொரு செக்கனிலும் அச்செய்மதி 3 கிலோமீற்றருக்கு மேல் முன்னே ஓடி, ஏறக்குறைய 11 சென்ரிமீற்றர் பூமியை நோக்கி விழுகின்றது. கொழும்பு நகரும் சும்மா இருக்கவில்லை. பூமியின் சுழற்சியால் செக்கனுக்கு ஏறக்குறைய 460 மீற்றர் வேகத்தில் கிழக்கே விரைகின்றது. சில்லின் குடமும் விளிம்பும் வெவ்வேறு வேகத்தில் ஓடினும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிப்பதுபோல, நகரும் செய்மதியும் சேர்ந்தே சுற்றுகின்றன. தட்டம் அசைய வேண்டாமைக்குக் காரணம் இதுவே.

இப்பாதையைப் பயன்படுத்தலாம் எனக் கண்டவர் யார் என்பதில் வரலாறு நடுநிலையோடு பேசல் வேண்டும். பொட்டொச்னிக் என்னும் பொறியியலாளர், நூர்டுங் என்ற புனைபெயரில் 1928 இல் வெளிவந்த நூலில், அத்தகைய பாதையில் விண்நிலையம் ஒன்றை வருணித்துள்ளார். ஆயினும் மூன்று நிலையங்களை 120 பாகை இடைவெளியில் நிறுத்தினால் உலகு முழுவதற்கும் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளை அஞ்சல் செய்யலாம் என்று தெளிவாக வகுத்துரைத்தவர் ஆதர் சி. கிளார்க். அவர் கட்டுரை 1945 ஒக்தோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 27. பிரித்தானிய விமானப் படையில் றேடார்ப் பணியாளர். பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றிருக்கவில்லை. அவர் கையாண்ட கணிதம் மேலே காட்டிய கணக்கினும் பெரிதன்று. அக்கருத்துக்கு அவர் காப்புரிமை கோரவுமில்லை. அந்நிலையங்களில் மனிதர் தங்கிப் பணிபுரிவர் என்று அவர் எண்ணியமை மட்டும் நிகழவில்லை. திரான்சிஸ்டர் அதற்கு இரண்டாண்டின் பின்னரே கண்டுபிடிக்கப்பட்டது.

அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். கடலடியில் நீந்தும் விருப்பமே அவரை இங்கு ஈர்த்தது. கொழும்பு பார்ன்ஸ் பிளேசில் நெடுங்காலம் வாழ்ந்து, 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கினார். 2008 மார்ச் 19 ஆந் திகதி கொழும்பிலேயே காலமாகிப் பொறளைக் கனத்தையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

கடதாசியிலிருந்த கணக்கை வானில் ஏற்றியவர்கள் பொறியியலாளர்கள். 1962 இல் ஏவப்பட்ட ரெல்ஸ்டார் தாழ்ந்த பாதையில் விரைந்து சென்றமையால், பாரிய தட்டங்கள் அதனைத் துரத்தித் திரும்ப வேண்டியிருந்தது; ஒருமுறை கடந்து செல்லும்போது சில நிமிட நேரமே அது பயன்பட்டது. அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் ரோசனும் அவர் குழுவினரும் வேறு வழியை நாடினர். பம்பரம்போலத் தன்னைத்தான் சுழன்று நிலைதளராது நிற்கும் சிறு செய்மதியை ஆக்கினர். 1963 இல் சின்கொம் 2 வெற்றி கண்டது. 1964 இல் சின்கொம் 3 தோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடலுக்கு அப்பால் அனுப்பியது. 1965 இல் வணிகச் செய்மதியான ஏர்லி பேர்ட் அத்திலாந்திக்கின் மேல் நின்றது. 1969 யூலையில் இந்து சமுத்திரத்தின் மேல் ஒரு செய்மதி பணி தொடங்கியதும் உலக வளையம் நிறைவெய்தியது. அம்மாதமே மனிதர் திங்களில் இறங்கிய காட்சியை உலகோர் கண்டனர்.

இலங்கையில் 1979 வரை தொலைக்காட்சி நிலையம் இல்லை. அதற்கு முன்னரே, 1975 இல், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளார்க்கின் கொழும்பு இல்லத்தில் தட்டமொன்றை அமைத்துக் கொடுத்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் முதல் ஓராண்டு காலம், அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையோடு இந்தியாவின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. உழவர்களுக்கென எழுந்த அவ்வொளிபரப்பைப் பார்ன்ஸ் பிளேஸ் வீடும் கண்டது. எழுபதுகளின் நடுப்பகுதியில் பாதுக்கையில் செய்மதி நிலையம் நிறுவப்பட்டு, நாட்டின் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் இவ்வழியே நடைபெறலாயிற்று.

இக்கணக்கு மக்கள் வாழ்வை எவ்வளவு அணுக்கமாகத் தொட்டது என்பதற்குப் போர்க்கால வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையுமே சாட்சி. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியோர், கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இலண்டனுக்கும் சென்ற பிள்ளைகளின் குரலைக் கேட்கத் தொலைத்தொடர்பு நிலையங்களிற் காத்திருந்தனர். அழைப்புக்கள் சில கடலடி வடத்தின் வழியாகவும் சில செய்மதி வழியாகவும் வந்தன. செய்மதி வழியாக வந்த குரல் மேலே சென்று கீழே இறங்க ஏறக்குறைய 72,000 கிலோமீற்றர் கடத்தல் வேண்டும். ஒளியின் வேகத்திற் சென்றாலும் அதற்குக் கால் செக்கன் ஆகும். கேள்வி போய் மறுமொழி திரும்ப அரைச் செக்கன். "சுகமா?" என்று தாய் கேட்டால், மகனின் விடைக்கு முன் ஒரு சிறு மௌனம் நிலவும். பிள்ளை எதையோ மறைக்கத் தயங்குகின்றான் என்று அஞ்சுதற்கு இடமளிக்கும் மௌனம் அது. உண்மையில் அது பிள்ளையின் தயக்கமன்று, 0.224 என்னும் ஆர்முடுகலுக்கு உரிய உயரம் கேட்ட காலம். அவ்வுயரத்தைக் குறைக்க எவராலும் இயலாது. குறைத்தால் செய்மதி ஓரிடத்தில் நில்லாது.

மற்றொரு கட்டுப்பாடும் இயற்கை விதித்தது. ஈர்ப்பு பூமியின் மையத்தை நோக்கியே செயற்படுவதால், சுற்றுப்பாதையின் மையமும் அதுவாகவே இருத்தல் வேண்டும். ஆகவே ஓரிடத்தில் நிற்கும் செய்மதி மத்தியகோட்டின் மேல் மட்டுமே நிற்க இயலும். கொழும்பின் நேர் உச்சியில் நிறுத்த முடியாது. உலகுக்கெல்லாம் இத்தகைய வளையம் ஒன்றே. அது யாருக்கு உரியது? விண்வெளியை எந்நாடும் தன்னுடைமையாக்கலாகாது என்று 1967 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை கூறிற்று. ஏவும் வலிமையுள்ள நாடுகள் இடங்களை நிரப்பிவிட்டால் ஏனையோர்க்கு என்ன எஞ்சும் என்று கேட்டு, கொலம்பியா, கென்யா, இந்தோனேசியா முதலிய மத்தியகோட்டு நாடுகள் 1976 இல் பொகொட்டா நகரிற் கூடித் தம் நிலத்தின் மேலுள்ள வளையப் பகுதிக்கு உரிமை கோரின. உலகம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. எனினும் முந்தி வந்தோர்க்கே எல்லாம் என்பது நீதியன்று என்ற அவர்களின் குரல், பின்னர் இடங்களைப் பங்கிடும் சர்வதேச ஏற்பாடுகளில் எதிரொலித்தது.

ஈண்டு ஓர் இனிய தற்செயலையும் குறிப்பிடலாம். பாரதத்து வானநூலார், உச்சயினியின் நெடுங்கோடு மத்தியகோட்டைச் சந்திக்கும் புள்ளிக்கு இலங்கை என்று பெயரிட்டுத் தம் கணிப்புக்களை அங்கிருந்து தொடங்கினர். அது கிழக்கு நெடுங்கோடு ஏறக்குறைய 76 பாகை. பூமியின் திணிவு சீராகப் பரவியிராமையால், இவ்வளையத்தில் செய்மதிகள் தாமாகவே நிலைத்து நிற்கக்கூடிய புள்ளிகள் இரண்டே உள. அவற்றுள் ஒன்று கிழக்கு 75 பாகையில் உள்ளது. முன்னோர் இதனை அறிந்திருந்தனர் என்று கூறுவது பொருந்தாது. பொய்ப்பெருமை கல்விக்குப் பகை. கிளார்க்கும் 1979 இல் வெளியிட்ட நாவலில், நிலத்திலிருந்து இவ்வளையம் வரை எழும் கோபுரத்தைக் கற்பனை செய்தபோது, அதற்காக இத்தீவை ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி மத்தியகோட்டில் வைத்துக்கொண்டார். கற்பனையும் விசையின் விதிக்குப் பணிந்தே நடந்தது.

இன்று வெளிநாட்டு உரையாடல்களிற் பெரும்பகுதி கடலடியிலுள்ள ஒளியிழை வடங்களின் வழியே செல்கின்றது. ஏறக்குறைய 550 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கான செய்மதிகள் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி இணையத் தொடர்பைத் தருகின்றன. அவையும் அதே விதிக்கு அடங்கியவை. கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுக்கும் இவ்விதி எந்நாட்டுக்கும் தனியுடைமை அன்று. உயர்தர வகுப்பில் அதனைக் கற்கும் கொட்டாஞ்சேனை மாணவி, பரீட்சைக்கென மனனஞ் செய்து மறந்துவிடும் ஒரு சூத்திரமாக அதனைக் கருதாதிருத்தல் வேண்டும். பட்டம் பெறாத ஓர் இளைஞர் பேனாவும் கடதாசியுங் கொண்டு அதனிலிருந்து உலகை இணைக்கும் வழியைக் கண்டார். விசை எங்கிருந்து வருகின்றது, எத்திசையிற் செயற்படுகின்றது என்று பொறுமையோடு வினவும் பழக்கமே அவருக்குத் துணை நின்றது; அப்பழக்கம் கைவரப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை.